"முன்ன மாதிரி இல்லை" என்பதை நீதிமன்றத்தில் காட்டுவது எப்படி? சிங்கப்பூரில் நரம்பியல் உளவியல் மதிப்பீடு: முழுமையான வழிகாட்டி

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா அவரு முன்ன மாதிரி இல்லைங்க." புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மனைவி தொலைபேசியில் இப்படிச் சொன்னார். கணவர் இங்கே சாரத்திலிருந்து விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கைக்கட்டைப் பிரித்தாயிற்று, நடக்கிறார், சிரிக்கிறார். ஆனால் விடுதியில் உலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். வீட்டுக்கு ஒருமுறை அனுப்பிய பணத்தை அடுத்த நாளே இன்னொரு முறை அனுப்பியிருக்கிறார். ஒரு சின்ன விஷயத்துக்கு அறைத்தோழனை அடிக்கப் பாய்ந்திருக்கிறார். அவர் கோபமே படாத ஆள் என்றார் மனைவி.

நான் மருத்துவரோ வக்கீலோ இல்லை. வழக்கறிஞர் அலுவலகங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்து பிழைத்தவன். இப்படிப்பட்டவர்களோடு பல சோதனை அறைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

சிடி ஸ்கேனும் எம்ஆர்ஐயும் மூளை எப்படி இருக்கிறது என்று காட்டும். அது எப்படி வேலை செய்கிறது என்பதை நரம்பியல் உளவியல் மதிப்பீடுதான் அளக்கிறது. கவனம், நினைவாற்றல், மொழி, வேகம், திட்டமிடுதல், கோபத்தை அடக்குதல் என ஒவ்வொன்றுக்கும் சோதனை உண்டு. அப்புறம் அந்த மதிப்பெண்களை அதே வயது, அதே படிப்பு உள்ள மற்றவர்களோடும், அந்த மனிதர் முன்பு இருந்த நிலையோடும் ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலான வழக்குகள் நிற்பதும் விழுவதும் இந்த இரண்டாவது ஒப்பீட்டில்தான்.

படி 1: சட்டம் கேட்கும் கேள்வி எது?

சோதனைகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எதற்காகச் சோதிக்கிறோம் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். இதைத் தெளிவாக்காமல் போனால், நாற்பது பக்க அறிக்கை வந்தாலும் வக்கீலுக்கு உதவாது.

வேலையிடக் காயம் என்றால் இரண்டு பாதைகள். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019இன் கீழ், தப்பு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைத்துவிட வேண்டும். நிரந்தர இயலாமை எத்தனை விழுக்காடு என்று மருத்துவர் கணிப்பார். இன்னொரு பாதை, முதலாளியின் கவனக்குறைவை நிரூபித்து உரிமையியல் வழக்குப் போடுவது. அதற்கு மூன்றாண்டு அவகாசம். இரண்டிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊழியர்கள் எல்லாவற்றையும் பொதுவாக "இன்ஜுரி கேஸ்" என்றுதான் சொல்வார்கள். எந்தக் கேஸ் என்று முதல் நாளே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பாதையாக இருந்தாலும் மதிப்பீட்டாளரிடம் கேட்க வேண்டியவை இவை: என்ன குறைந்திருக்கிறது, அதற்கு இந்த விபத்துதான் காரணமா, இனி தேறுமா, பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா?

அம்மா அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது, வீடும் சேமிப்பும் யார் கையில் என்பது வேறு வகை. இங்கே 2010 முதல் நடைமுறையில் இருப்பது மனத்திறன் சட்டம். அது எடுத்த எடுப்பிலேயே, திறன் இல்லை என்று நிரூபிக்கப்படும்வரை ஒருவருக்குத் திறன் உண்டு என்றுதான் வைத்துக்கொள்கிறது. புத்தியில்லாத முடிவு எடுக்கிறார் என்பதாலேயே திறன் போய்விட்டதாகவும் ஆகாது. தகவலைப் புரிந்துகொள்ள முடிகிறதா, மனத்தில் தக்கவைக்க முடிகிறதா, எடைபோட்டுப் பார்க்க முடிகிறதா, முடிவை எப்படியாவது வெளியே சொல்ல முடிகிறதா என்று நான்கைப் பார்ப்பார்கள். இவற்றில் ஒன்று முடியாவிட்டால் மட்டும் போதாது. மூளையிலோ மனத்திலோ உள்ள கோளாறுதான் அதற்குக் காரணம் என்றும் காட்ட வேண்டும். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் ஒரு வழக்கில் இதை விளக்கியது. இன்னொன்று, திறன் என்பது அந்தந்த முடிவுக்கு மட்டும்தான். தேக்கா சந்தையில் பேரம் பேசி மீன் வாங்கத் திறன் உள்ளவருக்கு, வீட்டை விற்கும் பத்திரத்தை எடைபோடத் திறன் இல்லாமல் இருக்கலாம்.

21 வயது நிரம்பிய யாரும், திறன் இருக்கும்போதே, பின்னால் திறன் போய்விட்டால் தனக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும், எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரம் எழுதி வைக்கலாம். சாதாரணமாக அதற்கு இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சான்றளிக்கத் தகுதிபெற்ற மருத்துவரோ வக்கீலோ பேசிப் பார்த்துக் கையெழுத்திடுவார். சந்தேகம் இருந்தால், அல்லது பிள்ளைகள் பின்னால் சண்டை போடுவார்கள் என்று இப்போதே தெரிந்தால், ஒரு மதிப்பீடு செய்து வைத்துக்கொள்வது நல்லது. காலம் கடந்துவிட்டால் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டு, அவருக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கச் சொல்ல வேண்டும். செலவும் அலைச்சலும் அதில்தான்.

உயிலுக்கு இன்னும் பழைய அளவுகோல். 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கு இங்கும் வழிகாட்டுகிறது. உயில் எழுதினால் என்ன ஆகும், தன்னிடம் ஏறத்தாழ என்ன சொத்து இருக்கிறது, யாருக்கெல்லாம் அதில் நியாயமான பங்கு உண்டு என்பது எழுதுகிறவருக்குத் தெரிய வேண்டும். நினைவு மதிப்பெண் குறைந்திருந்தாலும் இந்த மூன்றும் தெரிந்தவர்கள் உண்டு.

குற்றவியல் வழக்கில் கேள்வி பாரதூரமானது. நாகேந்திரன் தர்மலிங்கத்தின் வழக்கைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டோம். 2009இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டவர். பிறகு நடந்த சோதனையில் அவருடைய ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, 69 என்று வந்தது. உலகமே அந்த எண்ணைப் பற்றிப் பேசியது. ஆனால் சட்டம் கேட்டது எண்ணை அல்ல. செய்த காரியத்துக்கான அவருடைய மனப்பொறுப்பு, ஒரு மனக்கோளாறால் கணிசமாகக் குறைந்திருந்ததா என்றுதான் கேட்டது. நிபுணர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். அப்படிக் குறையவில்லை என்று உயர் நீதிமன்றம் 2017இல் முடிவு செய்தது, மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2019இல் அதை ஏற்றது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்குத் தண்டனை நிறைவேறியது. அந்த முடிவைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு, அதற்கு இது இடமில்லை. சட்டத்தின் கேள்விக்கு ஒரு எண் மட்டும் பதிலாகாது என்பதற்காகத்தான் சொன்னேன்.

படி 2: யாரிடம் போவது, யார் அனுப்புவது

நரம்பியல் மருத்துவர் மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர். மனநல மருத்துவர் மருந்து எழுதுபவர், மனநோயைக் கண்டறிபவர். இந்தச் சோதனையைச் செய்வது நரம்பியல் உளவியலாளர். அரசு மருத்துவமனைகளிலும் தேசிய நரம்பியல் கழகத்திலும் இருக்கிறார்கள், தனியாகவும் தொழில் செய்கிறார்கள். மருத்துவமனையில் சிகிச்சைக்காக எடுத்த சோதனையை வழக்குக்கு அப்படியே பயன்படுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சிகிச்சை அறிக்கையில் காரணம், எதிர்காலம், வேலைத்திறன் பற்றியெல்லாம் எழுதியிருக்காது. பொய்யாகச் செய்கிறாரா என்ற சோதனையும் பல சமயம் இருக்காது.

வழக்குக்கான அறிக்கையை வக்கீல்தான் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். கேள்விகள் அந்தக் கடிதத்தில் எண் போட்டு இருக்க வேண்டும். "நோயாளியை மதிப்பிடவும்" என்ற ஒற்றை வரிக் கடிதங்களைப் பார்த்திருக்கிறேன், அவற்றுக்கு வந்த ஒற்றை வரிப் பதில்களையும். கட்டணம் எவ்வளவு, நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருந்தால் அதற்குத் தனியா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட உதவி அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஒர்க் பர்மிட்டிலோ, கோரிக்கை முடியும்வரை தங்கவிடும் ஸ்பெஷல் பாஸிலோ இருப்பவர்களுக்கு டிடபிள்யூசி2, ஹோம் போன்ற வெளிநாட்டு ஊழியர் உதவி அமைப்புகள் வழிகாட்டும்.

பணம் கொடுப்பது நாம்தானே, நமக்குச் சாதகமாகத்தானே எழுதுவார் என்று சிலர் நினைக்கிறார்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீதிமன்ற விதிகளின்படி நிபுணரின் கடமை நீதிமன்றத்துக்குத்தான், கூலி கொடுத்தவருக்கு அல்ல. முடிந்தவரை இரு தரப்புக்கும் ஒரே நிபுணர் போதும் என்பதும் அதே விதிகளின் போக்கு.

படி 3: எப்போது செய்வது

அடிபட்ட இரண்டாம் வாரத்தில் செய்தால் வலியும் மயக்கமும்தான் மதிப்பெண்ணாக வரும். லேசான தலைக்காயம் என்றால், அதாவது சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கிளாஸ்கோ அளவில் 13 முதல் 15 வரை என்றால், பெரும்பாலோர் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். 9 முதல் 12 நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமை. இந்த இரண்டிலும் தேறுவதற்கு ஓராண்டு, ஈராண்டு ஆகலாம். நிரந்தர இழப்பு எவ்வளவு என்று சொல்ல அதுவரை பொறுக்க வேண்டும். ஆனால் மேலே சொன்ன ஓராண்டுக் கெடு பொறுக்காது. கோரிக்கையை உரிய நேரத்தில் பதிந்துவிட்டு, மதிப்பீட்டுக்குக் காத்திருப்பதுதான் வழி.

அதே சோதனையைச் சில மாதத்தில் திரும்பச் செய்தால் பழக்கத்தால் மதிப்பெண் கூடும். அதனால் முன்பு எங்காவது செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், எந்தத் தேதியில் என்றும் சொல்லுங்கள்.

படி 4: "முன்பு எப்படி இருந்தார்" என்பதற்குச் சான்று சேர்த்தல்

பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். ஒருவருக்கு இன்று மதிப்பெண் 85 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 100, நூறு பேரில் ஏறக்குறைய 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். அப்படியானால் 85 ஒன்றும் மோசமில்லை. ஆனால் விழுவதற்கு முன் அவர் 110 எடுக்கக்கூடியவராக இருந்திருந்தால்? அதைக் கண்டுபிடிக்க ஆங்கிலத்தில் ஒரு தந்திரம் உண்டு. எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமில்லாத சொற்களை வாசிக்கச் சொல்வார்கள். முன்பே பழகியவர்தான் சரியாக வாசிப்பார், மூளை அடிபட்டாலும் அந்தப் பழக்கம் சீக்கிரம் போகாது. தமிழில் இது நடக்காது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர், பொருள் தெரியாத சொல்லையும் வாசித்துவிடுவார். ஆகவே தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு முந்தைய நிலையைக் காட்டுவது காகிதங்களும் மனிதர்களும்தான்.

அந்தப் புதுக்கோட்டைக்காரருக்கு நாங்கள் சேர்த்தவை: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கணக்கில் 91. ஐடிஐ சான்றிதழ். சிங்கப்பூர் வர "டெஸ்ட் அடித்து" வாங்கிய திறன் சான்றிதழ். சூப்பர்வைசர் ஆனபோது கூடிய சம்பளச் சீட்டு. இவை எல்லோரும் கொடுப்பவை. வழக்கைத் தூக்கி நிறுத்தியது ஒரு நோட்டுப் புத்தகம். விடுதியில் பன்னிரண்டு பேருக்கான சமையல் கணக்கை அவர்தான் எழுதிவந்தார். யார் எத்தனை நாள் சாப்பிட்டார், யார் மீன் சாப்பிடவில்லை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று மாதம் முழுவதும் நேர்கோட்டில் இருந்தது. விபத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பாத காலத்திலும் இரண்டு மாதம் எழுதப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கங்களில் ஒரே நாளை இரண்டு முறை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதி, கடைசியில் பாதியில் நின்றிருந்தது. உளவியலாளர் அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார், அறிக்கையிலும் படம் எடுத்துச் சேர்த்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். அம்மா இருபது பேருக்குச் சீட்டுப் பிடித்த கணக்கு, அப்பா எழுதிய கோயில் நன்கொடைப் பட்டியல், வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய குரல் பதிவுகள். முந்தையதையும் பிந்தையதையும் தேதியோடு அடுக்கி வையுங்கள். கூடவே, பழைய ஆளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் பேசத் தயாராக இருக்கட்டும். ஒருவர் வீட்டிலிருந்து, ஒருவர் வேலையிடத்திலிருந்து. "மறதி அதிகம்" என்று சொன்னால் பயனில்லை. "செவ்வாய்க்கிழமை அடுப்பை அணைக்காமல் மசூதிக்குப் போய்விட்டார்" என்று சொன்னால் பயன் உண்டு.

ஆம்புலன்ஸ் குறிப்பு, அவசரப் பிரிவுக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, எம்சி எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்று எல்லாவற்றின் நகலும் போக வேண்டும். விபத்துக்கு முந்தைய மருத்துவக் குறிப்புகளும்தான். பழைய சர்க்கரை, பழைய குடிப்பழக்கம், ஊரில் பைக்கில் விழுந்தது எதையும் ஒளிக்காதீர்கள். எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும்.

படி 5: மொழியைத் தீர்த்துவிட்டு உள்ளே போங்கள்

சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உருவானவை. தமிழ் பேசும் சிங்கப்பூரர்களுக்கோ, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்களுக்கோ என்று அளவிட்ட ஒப்பீட்டு எண்கள் குறைவு. நல்ல உளவியலாளர் இதை அறிக்கையிலேயே எழுதுவார். எழுதாவிட்டால் வக்கீல் கேட்க வேண்டும்.

சில சோதனைகள் தமிழில் எப்படித் திரிந்துபோகின்றன என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து. தமிழில் 'ப' என்றால் 'பா'வும் 'பி'யும் சேர்த்தியா? 247 எழுத்தில் எந்த எழுத்து நியாயமானது? எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் சோதனையில் நம் எண் பெயர்கள் நீளமானவை, நாக்கும் நினைவும் கூடுதல் நேரம் எடுக்கும். சீனமொழி எண்கள் குட்டையானவை, அவர்களுக்கு அந்தச் சோதனையில் மதிப்பெண் சற்றுக் கூடுவது ஆய்வாளர்கள் அறிந்த சங்கதி. கதை சொல்லித் திரும்பக் கேட்கும் சோதனையை மொழிபெயர்ப்பாளர் செய்தித்தாள் தமிழில் படித்தால், மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டிக்கு நினைவு அல்ல, மொழிதான் சோதிக்கப்படுகிறது. எண்ணையும் ஆங்கில எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்கும் சோதனைக்குப் பதிலாக, எண்ணையும் நிறத்தையும் இணைப்பது ஒன்று உண்டு. அது இருக்கிறதா என்று கேட்கலாம்.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். எழுபது வயதை நெருங்கிய ஒரு அம்மாவிடம் இன்று என்ன தேதி, என்ன மாதம் என்று கேட்டார்கள். "முந்தாநாள் புரட்டாசி மூணாவது சனி, பெருமாள் கோயிலுக்குப் போனேனே" என்றார். "முந்தாநாள் சனிக்கிழமை என்கிறார்" என்று மட்டும் மொழிபெயர்த்தேன். தேதிக்குப் பூஜ்யம், மாதத்துக்குப் பூஜ்யம். அவர் தேதியையும் மாதத்தையும் சரியாகச் சொல்லியிருக்கிறார், வேறொரு நாட்காட்டியில். இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் காலையிலேயே தொலைபேசியில் சொல்லித் திருத்தினேன். சொல்லாமல் இருந்திருந்தால், தன் வீட்டைப் பற்றி முடிவெடுக்க அவருக்குத் திறன் இல்லை என்பதற்கு அந்த இரண்டு பூஜ்யமும் சாட்சியாகியிருக்கும்.

எனவே, குடும்பத்தினர் மொழிபெயர்க்க வேண்டாம். அக்கறையில் விடையைச் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள், அல்லது சொத்தில் பங்கு உள்ளவர் குறைத்துச் சொல்லிவிட்டார் என்ற பேச்சு வரும். மொழிபெயர்ப்பாளர் வாக்கியம் முழுவதையும் அப்படியே சொல்ல வேண்டும். பேச்சுத்தமிழ் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். நோயாளி மதுரைப் பக்கமா யாழ்ப்பாணமா என்பதும் முக்கியம்.

படி 6: சோதனை நாள்

நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும், சில சமயம் இரண்டு நாளாகப் பிரிப்பார்கள். இரவு நன்றாகத் தூங்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, மருந்துப் பட்டியல் கையில் இருக்கட்டும். வழக்கமான மருந்தை நிறுத்த வேண்டாம். தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ சாப்பிட்டிருந்தால் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் பேச்சு. பிறகு கட்டைகள், படங்கள், எண்கள், கோடுகள். ஒரு சிக்கலான கோட்டுப்படத்தைப் பார்த்து வரையச் சொல்வார்கள், பிறகு பார்க்காமல் வரையச் சொல்வார்கள். கோலம் போட்டுப் பழகிய பாட்டி ஒருவர் பென்சிலையே சரியாகப் பிடிக்கத் தெரியாமல் சிரமப்பட்டதையும், ஆனாலும் படத்தின் அமைப்பை மட்டும் பிசகாமல் கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். விடை சரியா தப்பா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குடும்பத்தாரும் வக்கீலும் வெளியே. களைத்தால் இடைவேளை கேளுங்கள். எத்தனை மணிக்குக் களைத்தார் என்பதும் அவர்களுக்குத் தகவல்தான்.

படி 7: முழு முயற்சி

வழக்குக்கான எந்த மதிப்பீட்டிலும், முழு மனதோடு செய்கிறாரா என்று பார்க்கும் சோதனைகள் நடுநடுவே இருக்கும். அவை எப்படி இருக்கும் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தச் சோதனையே செத்துவிடும், உண்மையில் அடிபட்டவர்களுக்குத்தான் அது நஷ்டம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூளை கடுமையாக அடிபட்டவர்கள்கூட அவற்றில் பொதுவாகத் தேறிவிடுவார்கள். அதில் தோற்றால் நிஜமான குறையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"கொஞ்சம் கூட்டிச் சொல்லுப்பா, அப்பத்தான் காசு வரும்" என்று விடுதியில் அறிவுரை சொல்லும் அண்ணன்மார் உண்டு. அதைக் கேட்டு உள்ளே போன ஒருவரின் வழக்கு எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கு நிஜமாகவே வலது கை நடுக்கம் இருந்தது. அதற்கும் பணம் வரவில்லை.

படி 8: அறிக்கையை வாசிப்பது

அறிக்கை வக்கீலுக்குப் போகும். தமிழில் விளக்கச் சொல்லி உட்காருங்கள். முதலில் உண்மை விவரங்களைப் பாருங்கள்: படிப்பு, வயது, விபத்துத் தேதி, எந்தக் கை வலுவானது, எந்த மொழியில் சோதித்தார்கள். இவற்றில் பிழை இருந்தால் எழுத்தில் திருத்தம் கேட்கலாம். கருத்தை மாற்றச் சொல்லிக் கேட்கக் கூடாது.

முப்பது சோதனை செய்தால் நல்ல ஆரோக்கியமானவருக்கும் ஒன்றிரண்டில் மதிப்பெண் சரியும். ஒரு குறைந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். ஒரே திறனை அளக்கும் பல சோதனைகள் ஒரே பக்கம் சாய்கின்றனவா, அது அடிபட்ட இடத்தோடும் வீட்டில் நடப்பதோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மனச்சோர்வு, வலி, தூக்கமின்மை, ஊரில் ஏஜெண்டுக்கு வாங்கிய கடன் நினைப்பு ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். நல்ல அறிக்கை அவற்றை ஒதுக்காமல் எடைபோட்டிருக்கும். முப்பது மதிப்பெண்ணுக்குப் பத்து நிமிடத்தில் செய்யும் எம்எம்எஸ்இ, மோக்கா போன்ற குறுஞ்சோதனைகள் வடிகட்டும் சல்லடைதான். அவற்றை மட்டும் வைத்துத் திறன் இல்லை என்று யாராவது எழுதியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

படி 9: அதற்குப் பிறகு

பெரும்பாலான காயவழக்குகள் விசாரணைக்கு முன்பே பேசித் தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரு தரப்பு நிபுணர்களையும் ஒன்றாக உட்காரவைத்து நீதிபதி கேட்பதும் உண்டு. உங்களைக் கூண்டில் ஏற்றினால், அறிக்கையில் இருப்பதை ஒப்பிக்காமல் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

வழக்கு முடிந்தாலும் முடியாவிட்டாலும், அறிக்கையின் நகலைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்ட வக்கீலிடம் அனுமதி வாங்குங்கள். புதுக்கோட்டைக்காரரின் அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது: எழுதி வைத்த வேலைகளை அவரால் செய்ய முடிகிறது, சொல்லி வைத்தவற்றைத்தான் மறக்கிறார். சிகிச்சையாளர் அதைப் பிடித்துக்கொண்டு கைத்தொலைபேசியில் அலாரம் வைக்கப் பழக்கினார். இப்போது ஊரில் இருக்கிறார். காலை ஏழு மணிக்கு மாட்டுக்குத் தண்ணீர், ஒன்பதுக்கு மாத்திரை என்று அவர் குரலிலேயே பதிந்து வைத்திருக்கிறார், அது ஒலிக்கும்போது பேத்தி "தாத்தா, உங்களை நீங்களே கூப்பிடுறீங்க" என்று சிரிக்கிறாளாம்.